சுகத்துக்காக ஜெபிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயாளிகளைப் பார்க்கப் போய், கட்டிலருகே நின்று ஜெபிக்கிறவர்களில் நானும் ஒரு ஆள். போகிற இடமெல்லாம் கேள்விகள் வரும். சிலர் நேராகவே கேட்டுவிடுவார்கள். சிலர் வாசல்வரை வழியனுப்ப வந்து, பின்னால் கதவைச் சாத்திவிட்டு, நோயாளியின் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்பார்கள். அந்த இரண்டாவது வகைக் கேள்விகளுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சுகமளிக்கும் ஜெபம் என்றால் என்ன?

நோயில் கிடக்கிறவரின் பெயரைச் சொல்லி, அவர் உடம்பு தேற வேண்டும் என்று கடவுளிடம் கேட்பது. தனியாகக் கேட்கலாம், சபையாகக் கூடிக் கேட்கலாம், தலையில் கைவைத்துக் கேட்கலாம், எண்ணெய் பூசிக் கேட்கலாம். மந்திரம் என்றால் சரியாக உச்சரித்தால் பலித்தாக வேண்டும். ஜெபத்தில் எதிரே ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்கிறோம், மன்றாடுகிறோம், அழுகிறோம். பதில் அவர் கையில் இருக்கிறது. இதை மறந்தால் கீழே வரும் எல்லாக் கேள்விகளிலும் தடுக்கி விழுவோம்.

வேதத்தில் இதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது?

முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. செங்கடலைக் கடந்த கையோடு "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்று இஸ்ரவேலருக்குச் சொல்லப்படுகிறது (யாத்திராகமம் 15:26). எண்ணாகமம் 12இல் மிரியாமுக்குக் குஷ்டம் பிடிக்கிறது. தன்னைக் குறைசொன்ன அந்த அக்காவுக்காக மோசே ஒரே வரியில் கெஞ்சுகிறார்: என் தேவனே, அவளைக் குணமாக்கும். எபிரேயத்தில் அது ஐந்தே ஐந்து சிறு சொற்கள்.

சபைகளில் அடிக்கடி வாசிக்கப்படுவது யாக்கோபு 5:14-16. ஒருவன் வியாதிப்பட்டால் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் கர்த்தருடைய நாமத்தில் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும், கர்த்தர் அவனை எழுப்புவார் என்கிறது. இந்தப் பகுதியை நிதானமாக வாசிக்க வேண்டும். நோயாளி செய்ய வேண்டிய ஒரே வேலை ஆள் அனுப்புவது. எழுந்து எங்கும் போக வேண்டியதில்லை. மூப்பர்கள்தான் அவன் இருக்கும் இடத்துக்கு வருகிறார்கள். பூசுவதும் ஜெபிப்பதும் அவர்கள். ஆகவே விசுவாசத்தோடு ஜெபிக்கும் பொறுப்பு முதலில் விழுவது வந்து நிற்கிறவர்கள் மேல். எத்தனையோ இடங்களில் இதைத் தலைகீழாக்கி, படுத்துக்கிடப்பவரின் விசுவாசத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. இங்கே "இரட்சிக்கும்" என்று வரும் கிரேக்க வினைச்சொல்லுக்குக் குணமாக்குவது, மீட்பது என்று இரண்டு பொருளும் உண்டு. "எழுப்புவார்" என்பது படுக்கையிலிருந்து எழுப்புவதற்கும், மரித்தவர்களிலிருந்து எழுப்புவதற்கும் புதிய ஏற்பாடு பயன்படுத்தும் சொல். யாக்கோபு இரண்டையும் சேர்த்தே நினைத்திருப்பார் என்பது என் எண்ணம்.

இயேசு எல்லோரையும் ஒரே முறையில் குணமாக்கினாரா?

இல்லை, ஒரு முறையைப் பிடித்துக்கொள்ள அவர் இடமே கொடுக்கவில்லை. குஷ்டரோகியைக் கைநீட்டித் தொட்டார். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைப் பார்க்காமலே குணமாக்கினார். செவிடனான ஒருவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப்போய், காதில் விரல் வைத்து, வானத்தைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டு, "எப்பத்தா" (திறக்கப்படு) என்றார். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் விஷயத்தில், அவனைத் தூக்கிவந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார்.

பெத்சாயிதாவில் நடந்தது எனக்கு மிகவும் பிரியமானது (மாற்கு 8). குருடனின் கண்ணில் கைவைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனுஷர் நடக்கிறது தெரிகிறது, ஆனால் மரங்கள் மாதிரி இருக்கிறார்கள் என்று அவன் உள்ளதைச் சொல்கிறான். "ஆமென், சுகமாகிவிட்டேன்" என்று பூசி மெழுகவில்லை. இயேசு அவனைக் கண்டிக்கவும் இல்லை, மறுபடியும் கைவைத்தார். பாதி சுகத்தைப் பாதி சுகம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு.

பெதஸ்தா குளத்தருகே திரளான நோயாளிகள் கிடந்தார்கள். அன்று எழுந்து நடந்ததாக யோவான் சொல்வது 38 வருடம் வியாதியாயிருந்த ஒருவனைப் பற்றி மட்டும்.

எண்ணெய் எதற்கு? அதில் சக்தி இருக்கிறதா?

பன்னிரண்டு சீடர்களும் அநேகம் நோயாளிகளை எண்ணெய் பூசிக் குணமாக்கினார்கள் என்று மாற்கு 6:13இல் இருக்கிறது. அந்தக் காலத்தில் எண்ணெய் வீட்டு மருந்தும்கூட. நல்ல சமாரியன் காயத்தில் வார்த்தது எண்ணெயும் திராட்சரசமும்தான். ஆகவே அது கடவுளுக்கென்று ஒருவரைப் பிரித்துவைக்கும் அடையாளம், கூடவே காயத்தை ஆற்றும் கையின் அடையாளம். சக்தி கர்த்தருடைய நாமத்தில் இருக்கிறது. குப்பியில் இருப்பது எண்ணெய்தான்.

ஆதி சபை அந்த எண்ணெயைச் சாதாரண மக்கள் கையிலேயே விட்டிருந்தது. ஆயர் ஆசீர்வதித்த எண்ணெயைக் குருக்கள் மட்டுமின்றி எல்லா விசுவாசிகளும் தங்கள் தேவைக்கும் தங்களைச் சேர்ந்தவர்கள் தேவைக்கும் பயன்படுத்தலாம் என்று திருத்தந்தை முதலாம் இன்னசென்ட் 416இல் ஒரு கடிதத்தில் எழுதினார். கீழைத் திருச்சபைகளில் இது பெரிய வழிபாடு: முறைப்படி ஏழு குருக்கள், ஏழு நிருப வாசகங்கள், ஏழு நற்செய்தி வாசகங்கள், ஏழு முறை பூசுதல்.

என் அம்மாவின் ஜன்னல் ஓரத்தில் இருந்தது ஒரு சின்ன மருந்துக் குப்பி. லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள், பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் சபை மூப்பர் ஒருவர் அதைக் கொண்டுவந்து வைத்திருந்தார். விரல் நுனியில் ஒரு சொட்டு, நெற்றியில் ஒரு சிலுவைக் கோடு. அம்மா கண்ணை மூடிக்கொள்வார்.

அற்புத சுகமெல்லாம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டது என்கிறார்களே?

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் பிற்பாடு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் புனித அகுஸ்தினார். இளம் வயதில், அப்படிப்பட்ட அற்புதங்கள் நம் காலம்வரை தொடர அனுமதிக்கப்படவில்லை என்று எழுதியவர், முதிர்ந்த வயதில் "கடவுளின் நகரம்" நூலின் 22ஆம் புத்தகத்தில், தான் அறிந்த சுகங்களை ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். ஹிப்போ நகரில் இரண்டு வருடத்துக்குள் ஏறக்குறைய 70 சாட்சிகள் எழுத்தில் பதிவாயின என்கிறார்.

அதில் ஒரு காட்சி. கார்த்தேஜ் நகரில் இன்னொசென்சியுஸ் என்ற அதிகாரியின் வீட்டில் அகுஸ்தினார் தங்கியிருக்கிறார். வீட்டுக்காரருக்குப் பவுத்திரம். அறுவை சிகிச்சை நடந்து, ஒன்று மட்டும் ஆழத்தில் தப்பிவிட்டது. மறுபடியும் கத்தி வைக்க வேண்டும் என்றதும் மனிதர் உடைந்துபோகிறார். இந்த முறை கத்தியிலேயே செத்துவிடுவேன் என்று பயம். முந்தின இரவு எல்லோரும் முழங்காலிட, அவர் யாரோ தள்ளிவிட்டதுபோலத் தரையில் விழுந்து, உடம்பு முழுதும் குலுங்க, மூச்சு அடைத்துப்போகும் அளவுக்கு அழுது ஜெபிக்கிறார். மற்றவர்களால் ஜெபிக்க முடிந்ததோ என்னவோ, தன்னால் முடியவில்லை என்கிறார் அகுஸ்தினார். இதைக் கேட்காவிட்டால் உம் மக்களின் எந்த ஜெபத்தைத்தான் கேட்பீர் ஆண்டவரே என்று மனதுக்குள் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டாராம். விடிந்ததும் வைத்தியர்கள் வந்து, கருவிகளை எடுத்துவைத்து, கட்டை அவிழ்த்துப் பார்க்கிறார்கள். இடம் ஆறித் தழும்பாகியிருக்கிறது.

ஜெபிக்க முடியாமல் நின்ற தன்னையும் சேர்த்து எழுதிவைத்திருப்பதால்தான் எனக்கு இந்தச் சாட்சியின் மேல் நம்பிக்கை.

எண்ணெய் பூசினாலே சாகப்போகிறார் என்று ஏன் பயப்படுகிறார்கள்?

வரலாற்றில் வந்த ஒரு வளைவுதான் காரணம். 8, 9ஆம் நூற்றாண்டுகளிலிருந்து மேற்கத்தியத் திருச்சபையில் பூசுதல் குருக்கள் மட்டும் செய்வதாகி, மெல்ல மெல்ல மரணப்படுக்கைப் பாவமன்னிப்போடு ஒட்டிக்கொண்டது. 12ஆம் நூற்றாண்டில் அதன் பெயரே "கடைசிப் பூசுதல்" என்றாகிவிட்டது. தமிழில் நம் பாட்டிமார் "அவஸ்தைப் பூசுதல்" என்றார்கள். குருவானவர் படியேறினாலே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இதைத் திருத்தியது: "நோயில்பூசுதல்" என்பதே பொருத்தமான பெயர், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்றது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையும் புதுப்பித்தார். கடும் நோயிலோ, பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்போ, முதுமையில் உடல் தளர்ந்தபோதோ பெற்றுக்கொள்ளலாம். ஒருமுறைக்கு மேலும் பெறலாம். தயவுசெய்து கடைசி மூச்சுவரை காத்திருக்காதீர்கள். நோயாளிக்குக் காது கேட்கும்போதே கூப்பிடுங்கள்.

சீர்திருத்தச் சபைகள் இதைக் கைவிட்டது ஏன்? மறுபடி எப்படி வந்தது?

குணமாக்கும் வரம் ஆதி சபையோடு நின்றது, வெறும் சடங்கை வைத்துக்கொண்டு என்ன பயன் என்பது சீர்திருத்தத் தலைவர்களில் ஒருவரான கால்வின் வாதம். இங்கிலாந்துத் திருச்சபையின் 1549 ஜெபப் புத்தகத்தில் நோயாளி விரும்பினால் எண்ணெய் பூச இடம் இருந்தது. 1552 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஜெபம் நிற்கவில்லை. 1540இல் ஜெர்மனியின் வைமரில், சீர்திருத்தத் தலைவர் லூதரின் உடன் ஊழியர் மெலாங்தன் சாகக் கிடந்தபோது, லூதர் விடாமல் ஜெபித்ததும், நண்பர் பிழைத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

19ஆம் நூற்றாண்டில் இது மறுபடி துளிர்த்தது, அதுவும் சின்னச் சின்ன ஊர்களில். ஜெர்மனியின் மோட்லிங்கன் என்ற கிராமத்தில் போதகர் யோஹான் கிறிஸ்டோஃப் புளூம்ஹார்ட், தன் சபையைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்காக 1842, 43ஆம் ஆண்டுகளில் விடாமல் போராடி ஜெபித்தார். பிறகு நோயாளிகள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்தில் டோரதேயா ட்ரூடெல் என்ற எளிய பெண்மணி, முதலில் உடன் வேலைசெய்தவர்களுக்காக ஜெபித்தார்; பிறகு நோயாளிகளை வீட்டிலேயே தங்கவைத்துக் கவனித்தார். அனுமதியில்லாமல் வைத்தியம் செய்கிறார் என்று வழக்குப் போட்டார்கள், 1861இல் விடுதலையானார். தென்னாப்பிரிக்கப் பிரசங்கியார் ஆண்ட்ரூ மரே தொண்டை நோயால் ஏறக்குறைய இரண்டு வருடம் பேச முடியாமல் இருந்து, 1882இல் லண்டனில் இப்படியொரு ஜெப வீட்டில் குரலைத் திரும்பப் பெற்றார்.

1906இல் லாஸ் ஏஞ்சலிஸின் அசூசா தெருவில், அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெற்றோரின் மகன் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து பெந்தெகொஸ்தே இயக்கம் உலகமெங்கும் பரவியது. அதோடு சுகத்துக்கான ஜெபமும் பரவியது. 1960களில் பழைய சபைகளுக்குள்ளும், 1967இலிருந்து கத்தோலிக்கர் நடுவிலும் வந்துசேர்ந்தது.

எனக்குப் பிடித்தது ட்ரூடெல் வழி. கூட்டம் சேர்ப்பதைவிட, யாருக்காக ஜெபித்தோமோ அவரையே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது.

விசுவாசம் இருந்தால் மருந்தை நிறுத்தலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டு மனம் கிடையாது.

எசேக்கியா ராஜா சுவர்ப்புறம் திரும்பி அழுது ஜெபித்தார். 15 வருடம் ஆயுள் கூட்டிக் கொடுத்தேன் என்று கர்த்தர் சொல்லி அனுப்பினார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்த ஏசாயாவே, அத்திப்பழத்து அடையைப் புண்ணின் மேல் பற்றுப்போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே வாயிலிருந்து வந்தன. பவுலோடு பயணம் செய்தவர்களில் "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" இருந்தார். கத்தோலிக்க, கீழைத் திருச்சபைகளின் வேதத்தில் உள்ள சீராக் 38, நோயில் ஜெபம் செய், மருத்துவருக்கும் இடம் கொடு, அவரும் உனக்குத் தேவை என்கிறது. 4ஆம் நூற்றாண்டில் ஆயர் பசிலியார் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குகளில் இதே கேள்விக்குப் பதில் சொல்கிறார்: மருத்துவம் கடவுள் தந்தது, முழு நம்பிக்கையையும் அதன் மேலேயே வைத்துவிடாதீர்கள். அதே பசிலியார்தான் 370 வாக்கில் செசரியாவில் ஏழைகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் இல்லம் கட்டியவர்.

மறுபக்கத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். மத நம்பிக்கையால் சிகிச்சை மறுக்கப்பட்டு அமெரிக்காவில் 1975 முதல் 1995 வரை இறந்த 172 குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. அவர்களில் 140 பேருக்கு இருந்த நோய்கள், மருத்துவம் பார்த்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கக்கூடியவை. பெற்றோர் அந்தப் பிள்ளைகளை நேசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுக்கு யாரோ தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

சுகமானதாக உணர்ந்தால் நேராக மருத்துவரிடம் போங்கள். குணமான குஷ்டரோகியை இயேசு ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னாரே. இன்சுலினோ, வலிப்பு மாத்திரையோ, ரத்த அழுத்த மாத்திரையோ, குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லட்டும்.

ஜெபித்தும் சுகம் வரவில்லை. எனக்கு விசுவாசம் போதவில்லையா?

கதவைச் சாத்திக்கொண்டு கேட்கப்படும் கேள்வி இது.

அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்த சமயம், வெளியிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்தார். சத்தமாக, நீளமாக ஜெபித்தார். கிளம்பும்போது அம்மாவைப் பார்த்து, "உங்க உள்ளத்துல எங்கயோ ஒரு சந்தேகம் இருக்கும்மா, அதுதான் தடுக்குது" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு என்னைக் கூப்பிட்டு, "நான் எதைச் சந்தேகப்பட்டேன்னு யோசிச்சுப் பாக்குறேன், தெரியலையே" என்றார். திரும்பிப் படுக்கக்கூட முடியாதவர் ராத்திரி முழுக்கத் தன் மனதைத் துருவிக்கொண்டு கிடந்தார். நோய் கொடுத்த வேதனை ஒருபக்கம் இருக்க, இதை அவர் மேல் ஏற்றிவைத்துவிட்டுப் போனவர் ஜெபிக்க வந்தவர்.

இப்படிச் சொல்ல வேதத்தில் இடமில்லை. பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். அந்தப் பிள்ளை குணமானான். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டினார், கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்." மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பனைக் கைவைத்துக் குணமாக்கிய அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அவர் சொன்னது கொஞ்சம் திராட்சரசம். இவர்களில் யாருக்கும் விசுவாசம் போதவில்லை என்று அவர் எழுதவில்லை.

3ஆம் நூற்றாண்டில் பெரும் கொள்ளைநோய் பரவியபோது, மற்றவர்களைப்போலவே நாமும் சாகிறோமே என்று கார்த்தேஜ் சபையார் கலங்கினார்கள். அவர்களுடைய ஆயர் சிப்பிரியான் அதற்காகவே ஒரு நூல் எழுதினார்: இந்த உடம்பு இருக்கும்வரை உடம்பின் பாடுகள் எல்லோருக்கும் பொது என்றார். அலெக்சாந்திரியாவில் கிறிஸ்தவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து, தாங்களும் தொற்றி இறந்தார்கள் என்று அங்கத்திய ஆயர் தியோனீசியுஸ் கடிதம் சாட்சி சொல்கிறது.

நம் காலத்தில் ஜோனி எரிக்சன் டாடா இருக்கிறார். 1967இல் தண்ணீருக்குள் குதித்தபோது கழுத்தில் அடிபட்டு, தோளுக்குக் கீழே செயலிழந்தவர். சுகமளிக்கும் கூட்டங்களுக்குப் போய், போனபடியே சக்கர நாற்காலியில் திரும்பினார். அந்த நாற்காலியிலிருந்தே மாற்றுத்திறனாளிகளுக்காக 1979இல் ஓர் ஊழியம் தொடங்கினார். அவருக்கு விசுவாசம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நோய் பாவத்துக்கு வந்த தண்டனையா?

பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் இதைத்தான் கேட்டார்கள்: இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). யாக்கோபும் "பாவஞ்செய்தவனானால்" என்றுதான் எழுதுகிறார். அந்த "ஆனால்" முக்கியம். நோயாளி தானாக மனம்திறந்து பேச விரும்பினால் கேளுங்கள். தோண்டித் துருவாதீர்கள்.

"உமக்குச் சித்தமானால்" என்று ஜெபித்தால் அது அவிசுவாசமா?

கெத்செமனேயில் அப்படி ஜெபித்தவர் இயேசு. அதற்கு மேல் நான் என்ன சொல்ல? ஆனால் அதை முதல் வரியாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம். அவர் முதலில் "இந்தப் பாத்திரம் நீங்கட்டும்" என்று வாய்விட்டுக் கேட்டார். நீங்களும் முதலில் கேளுங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

சான் பிரான்சிஸ்கோவில் 393 இதய நோயாளிகளை வைத்து நடந்து 1988இல் வெளியான ஆய்வு, ஜெபிக்கப்பட்டவர்கள் சில அளவுகளில் மேலாக இருந்தார்கள் என்றது. முறை சரியில்லை என்று விமர்சனமும் வந்தது. 2006இல் வெளியான பெரிய ஆய்வில் ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் சிகிச்சை பெற்ற 1,802 பேர் இருந்தார்கள். ஜெபிக்கப்படலாம், படாமலும் போகலாம் என்று சொல்லப்பட்டவர்களில், ஜெபம் பெற்றவர்களுக்கு 52 சதவீதமும் பெறாதவர்களுக்கு 51 சதவீதமும் சிக்கல் வந்தது. உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்திருந்தவர்களுக்கு 59 சதவீதம்.

இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஜெபம் சுகத்தைக் கொண்டுவரும் என்பதற்கு ஆய்வக நிரூபணம் இருக்கிறது என்று மேடையில் யாராவது சொன்னால், அது சரியல்ல. அதே நேரம் அந்த ஆய்வில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். ஜெபித்தவர்களுக்குக் கிடைத்தது நோயாளியின் முதல் பெயரும் இனிஷியலும். சொல்ல வேண்டிய வாக்கியமும் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கூரையைப் பிரித்து இறக்கியவர்களின் விசுவாசத்தை அந்த ஆய்வு அளக்கவில்லை. கடவுளை ஒரு பக்கம் தரவும் மறுபக்கம் தராமலும் நிறுத்திவைக்க யாராலும் முடியாது.

சுகமானதாகச் சொல்லும் சாட்சிகளை எப்படி நம்புவது?

அவசரப்படாமல். பிரான்சின் லூர்து நகரைப் பாருங்கள். 1858இல் பெர்னதெத் என்ற சிறுமி கண்ட மரியாளின் காட்சிகளுக்குப் பிறகு 7,000க்கும் அதிகமான சுகங்கள் அங்கே தெரிவிக்கப்பட்டிருக்கின்றன. 1883 முதல் அங்கே மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. கடும் நோயாக இருந்ததா, திடீரென்று குணமானதா, முழுமையாகக் குணமானதா, நிலைத்ததா, மருத்துவத்தால் விளக்க முடியுமா என்று வருடக்கணக்கில் ஆராய்கிறார்கள். 2018 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது 70ஆவது அற்புதம். அதில் குணமானவர் ஒரு கன்னியாஸ்திரி; அவர் குணமானது 2008இல். பத்து வருடம் காத்திருந்து சொன்னார்கள்.

நம் சாட்சி நேரத்தில் பத்து நாள்கூடப் பொறுப்பதில்லை. மருத்துவ அறிக்கை வரட்டும், ஆள் சில மாதம் நடமாடட்டும், பிறகு அவரே விரும்பினால் சொல்லட்டும்.

பெரிய கூட்டங்களுக்குப் போகலாமா?

போவது பாவமில்லை. என்ன நடக்கிறதென்று கண்ணைத் திறந்து பாருங்கள். முதலில் காணிக்கை, பிறகு ஜெபம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குஷ்டரோகியான நாகமான் குணமானபோது எலிசா தீர்க்கதரிசி ஒரு காசும் வாங்கவில்லை; பின்னால் ஓடிப்போய் வாங்கிய அவர் வேலைக்காரன் கேயாசிக்கு அந்தக் குஷ்டம் வந்தது. மேடையில் மாத்திரையை எறியச் சொன்னாலும் வந்துவிடுங்கள். 2000ஆம் ஆண்டு வத்திக்கான் தன் மக்களுக்குத் தந்த அறிவுறுத்தல், சுகமளிக்கும் ஜெபக் கூட்டங்களில் வெறியூட்டலும் செயற்கைத்தனமும் நாடகத்தனமும் பரபரப்பும் கூடாது என்கிறது. எந்தச் சபையாருக்கும் அது பொருந்தும்.

மனநோய்க்கு ஜெபம் போதுமா?

போதாது. மனச்சோர்வை எல்லாம் பிசாசு என்று சொல்வது கொடுமை. சாகவேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தூதன் அதட்டவில்லை. சாப்பிடக் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடக் கொடுத்தான் (1 இராஜாக்கள் 19). மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஜெபியுங்கள். கட்டிவைப்பதையும் அடிப்பதையும் பட்டினி போடுவதையும் ஜெபம் என்று யார் சொன்னாலும் தடுத்து நிறுத்துங்கள்.

நான் போதகர் இல்லை. கைவைத்து ஜெபிக்கலாமா?

கத்தோலிக்கத்தில் நோயில்பூசுதல் என்ற அருட்சாதனத்தைக் குருவானவர்தான் தர முடியும். ஜெபிக்க யாருக்கும் தடையில்லை. "ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு எழுதியது எல்லோருக்கும்தான்.

கட்டிலருகே எப்படி ஜெபிப்பது?

முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டே பேசினால் எப்போது கிளம்புவோம் என்றிருப்பது அவர்களுக்குத் தெரியும். ஜெபிக்கலாமா, கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சலைன் ஏறும் கையை விட்டுவிட்டு மற்றக் கையைப் பிடியுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். "சுகம்" என்பார் என்று நினைத்துப் போவோம், "இன்னைக்கு ராத்திரி தூக்கம் வரணும்" என்பார். அதைக் கேளுங்கள். சத்தம் வேண்டாம், பக்கத்துக் கட்டிலிலும் ஒருவர் படுத்திருக்கிறார். "ஆண்டவர் உங்களைக் குணமாக்கிவிட்டார்" என்று உங்கள் சொந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். பராமரிக்கும் மகளுக்கோ கணவருக்கோ சேர்த்து ஒரு வரி ஜெபியுங்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை. வார்த்தை வராவிட்டால் மோசேயின் அந்த ஒரு வரி போதும்.

பிறகு முடிந்தால் அன்றிரவு நீங்கள் கூட இருங்கள், அந்த மகள் வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும்.

ஜெபித்தோம், இறந்துவிட்டார். அந்த ஜெபமெல்லாம் என்னவாயிற்று?

தாவீது தன் குழந்தைக்காக ஏழு நாள் சாப்பிடாமல் தரையில் கிடந்து ஜெபித்தார். குழந்தை இறந்தது. அவர் எழுந்து, குளித்து, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். அது என்னிடம் திரும்பி வராது, நான் அதனிடம் போவேன் என்றார் (2 சாமுவேல் 12). ஏன் என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. என்னிடமும் இல்லை. உயிர்த்தெழுதலில் நம்பிக்கை இருக்கிறது. யாக்கோபின் "எழுப்புவார்" என்ற சொல்லை அதற்காகத்தான் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஊழியக்காரர் வந்துபோன மறுநாள், எங்கள் மூப்பரிடம் அம்மா அதையே கேட்டார்: "ஐயா, என் விசுவாசம் பத்தலையா?" அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அம்மா, விசுவாசிக்கிற வேலைய எங்ககிட்ட விட்டுடுங்க. நீங்க படுத்திருங்க" என்றார். அம்மா சிரித்தார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். அதற்குப் பிறகு 19 நாள் இருந்தார். ஒரு நாள் தவறாமல் மூப்பர் மாலையில் வந்து, குப்பியைத் திறந்து, நெற்றியில் பூசி, "ஆண்டவரே, உம்முடைய பிள்ளையைக் குணமாக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். கடைசி நாளிலும் அதையேதான் கேட்டார்.

அடக்கம் முடிந்த வாரத்தில் வந்து ஜன்னல் ஓரத்தைப் பார்த்தார். குப்பியில் பாதி இருந்தது. எடுத்துக்கொள்ளவா என்று என்னிடம் கேட்டார். அடுத்த தெருவில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் நான்கு நாளாக விடவில்லையாம்; ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறார்களாம். நானும் கூடப் போனேன்.